ராஸ் தீவில் ஒரு 'வாரேனுங்க'

பார்க்க வேண்டிய இடங்களை எழுதி, நகல் எடுத்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்தவள் நான்தான். 'ராஸ் தீவு: வெள்ளைக்காரர் காலத்து இடிபாடுகள், புள்ளிமான்கள், மயில்கள், ஜப்பானியர் கட்டிய பதுங்கு குழிகள். மதியச் சாப்பாடு தீவிலேயே. கடைசிப் படகு நான்கு மணிக்கு.' அந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன். போட்டு என்ன பிரயோஜனம்? மூன்றே முக்காலுக்குப் படகுத்துறையில் நின்று தலைகளை எண்ணினால் இருபத்தொன்றுதான் வருகிறது.

மறுபடியும் எண்ணினேன். இந்தத் தடவை இருபத்திரண்டு வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் என்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன் என்று தெரிந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மாடியில் இருந்த சின்ன டிராவல்ஸில் எனக்கு வேலை. போன் எடுப்பேன், டிக்கெட் போடுவேன், வருகிறவர்களுக்கு டீ சொல்லுவேன். அந்தமானுக்கு ஒரு கூட்டத்தைத் தனியாக அழைத்துப்போவது அதுதான் முதல் தடவை. கோவை ரயில் நிலையத்தில் வழியனுப்ப வந்த முதலாளி, "இருவத்திரெண்டு பேரக் கூட்டீட்டுப் போறீங்க அம்மணி, இருவத்திரெண்டு பேரையும் கூட்டீட்டு வந்து சேரோணும். பாக்கற எடம் ரெண்டு கொறஞ்சாக்கூடப் பரவால்லீங்க, ஆளு கொறையக் கூடாது" என்றார். அதற்கென்ன, ஆடா மாடா ஓடிப்போக என்று நான் சிரித்தேன்.

காணாமல் போனவர் தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அறுபதை நெருங்கும் வயது. பேச்சு கம்மி. அவரும் அவர் மனைவியும் அலுவலகத்துக்கு வந்தபோது காசி, சிம்லா, அந்தமான் என்று மூன்று பயணத் தாள்களை மேஜையில் பரப்பினேன். அவர் கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை. அந்தமான் தாளின்மேல் விரலை வைத்து, "இது போதுங்க" என்றார். அந்த அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். தோப்புக்காரருக்குக் கடல் தாண்டிப் போயும் தென்னைமரம்தான் பார்க்க வேண்டுமாக்கும் என்று மனதுக்குள் கேலி செய்துகொண்டேன்.

மூன்று நாள் கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். அவர் மட்டும் கல்லு மாதிரி மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார். "அங்க காடு இருக்குதுங்களே, ஆனை தோட்டத்துக்குள்ள வருமுங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நாம் போகிற இடங்களில் மானும் மயிலும்தான் என்றேன். "அப்பப் பொழைக்கற ஊருதானுங்க" என்றார். அவர் தோப்பில் யானை புகுந்து சாய்த்துப்போட்ட மரங்களைப் பற்றி அவர் மனைவி பிறகு சொன்னார்.

ராஸ் தீவுக்குக் கிளம்பும் முன், அன்று காலையில்தான் போர்ட் பிளேரில் செல்லுலார் சிறையைப் பார்த்தோம். வழிகாட்டி இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தனி அறைகள், செக்கு, தூக்குமேடை. கூட்டம் அடுத்த வரிசைக்கு நகர்ந்த பிறகும் இவர் மட்டும் ஓர் அறையின் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"இங்க வந்தவங்கெல்லாம் ஊட்டுல என்னன்னு சொல்லிப்போட்டு வந்திருப்பாங்க அம்மணி?"

"போலீஸ் இழுத்துட்டு வந்திருக்குமுங்க. சொல்றதுக்கு எங்கீங்க நேரம்?" என்றேன் அவசரத்தில்.

"இல்லீங்க. வாரேன்னுதான் சொல்லீருப்பாங்க" என்றார்.

எனக்கு அடுத்த படகைப் பிடிக்கிற கவலை. அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

ராஸ் தீவில் அவரை நான் கடைசியாகப் பார்த்தது மதியம் ஒரு மணிக்கு. மாதா கோயில் இருந்த இடத்தில் இப்போது சுவர் மட்டும் நிற்கிறது, அதையும் ஆலவேர் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நிழலில் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களை அடுக்கிவைத்து, "ஏனுங்க, எல்லாரும் சாப்புட வாங்க!" என்று குரல் கொடுத்தேன். இவர் துறைக்கு இறங்குகிற பாதையில் இருந்தார். திரும்பிப் பார்த்து, "வாரேனுங்க அம்மணி" என்று கையைத் தூக்கினார். சரி, வருகிறார் என்று நான் ஊறுகாயைப் பிரிக்கப் போய்விட்டேன்.

மனைவியிடம் வயிறு சரியில்லை, சாப்பாடு வேண்டாம், காற்றாடக் கொஞ்சம் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் கண் அயர்ந்துவிட்டார். அவருக்கென்று எடுத்துவைத்த பொட்டலம் பிரிக்காமல் மடியிலேயே இருந்தது.

நான் ஓடினேன். காவலுக்கு இருந்த இரண்டு பேர் விசில் ஊதிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பேக்கரி என்று எழுதியிருந்த இடிபாட்டுக்குள் பார்த்தேன். பதுங்கு குழிக்குள் தலையை விட்டு, "ஐயா! ஐயா!" என்று கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. வடக்கு ஓரத்தில் பாறைமேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வெள்ளைத் துணி கிடந்ததைப் பார்த்ததும் பாறைமேல் தாவி இறங்கினேன். கிட்டப் போனால் யாரோ விட்டுப்போன பிளாஸ்டிக் சாக்கு. ஒரு மான் அசையாமல் நின்று என்னையே பார்த்தது. அதன்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

துறைக்குத் திரும்பியபோது மணி நாலேகால். காற்று ஏறுகிறது, இனி தாமதித்தால் படகை எடுக்க முடியாது என்று படகோட்டி இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். இரவில் தீவில் வெளியாட்கள் தங்கக் கூடாது என்றார் காவலர். படகுக்குள்ளிருந்து ஒருவர், சாயங்காலம் சிறையில் ஒலி ஒளிக் காட்சி என்று தாளில் போட்டிருக்கிறதே, அது உண்டா இல்லையா என்று கேட்டார். அவரைக் கடலில் தள்ளாமல் விட்டது என் நல்ல காலம்.

அந்த அம்மா துறைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "நா வரலீங்க. அவரு வராம நா வரலீங்க."

"உங்க ஒருத்தருக்காக இருபது பேரும் கடல்ல சாகோணுமா? புருசன் எங்க போறாருன்னு ஒரு கண்ணு வெச்சுக்கத் தெரியாதுங்களா?" என்று கத்திவிட்டேன். என் பயத்தை அவர் தலையில் கொட்டினேன், அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "கடைசியா உங்ககிட்ட என்னங்க சொன்னாரு?"

"சாப்புட வாங்கன்னேன். வாரேனுங்கன்னார்."

"எந்தப் பக்கம் பாத்து நின்னாருங்க?"

"இந்தப் பக்கந்தான். துறைக்கு."

அவர் முகம் மாறியது. மடியிலிருந்த சாதத்தைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையைத் திறந்து துழாவினார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. காலி.

"வெலாசம் போட்ட கடுதாசியக் காணமுங்க" என்றார். "எங்க புள்ள இந்த ஊர்லதானுங்க இருக்குது."

படபடவென்று சொல்லிமுடித்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை காலேஜுக்குக் கிளம்பிய ஒரே மகள், வாசலில் நின்று "வாரேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவள்தான். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பன் அவள் பேரை எடுக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் தங்கச்சி வீட்டு முகவரிக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. கடிதம் வருவது கணவருக்குத் தெரியாது என்றுதான் அந்த அம்மா இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"அவரு உங்களுக்குப் பதில் சொல்லலீங்க. போறேன்னு சொல்லீட்டுப் போயிருக்காரு."

நாங்கள் யாருமே வாய் திறந்து 'போறேன்' என்று சொல்ல மாட்டோம், அபசகுனம். கடைக்குப் போனாலும் 'வாரேன்', கண்காணாத ஊருக்குப் போனாலும் 'வாரேன்'. பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஒன்றரை மணிக்கு ஒரு படகு போனது. வேறு கூட்டத்தோடு சேர்ந்து அதில் ஏறிவிட்டால் கேட்பாரில்லை. 'வாரேன்' என்றவர் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனாலும் அது ஊகம்தானே? காலி உறையை நம்பி ஒரு மனிதரைத் தீவில் விட்டுப்போவதா? இன்னொரு சுற்று தேடுகிறோம், இருந்தால் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று காவலர் சொன்ன பிறகுதான் அந்த அம்மாவைப் படகில் ஏற்றினேன். கால் மணி நேரப் பயணம். அலை தூக்கித் தூக்கிப் போட்டது. நான் கரையையும் பார்க்கவில்லை, தீவையும் பார்க்கவில்லை. கையிலிருந்த பெயர்ப் பட்டியலில் அவர் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதா" என்றார் அந்த அம்மா.

கரையில் சிமெண்டுத் திண்டில், அவர் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது, கூடவே வாய் நிறைய வசவும் வந்தது. இறங்கிப் போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் முதல் ஆளாகக் குதித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு வழிவிட்டேன்.

"பாத்தீங்களா?" என்றார் மனைவி.

"வாசல் வரைக்கும் போனனுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், என்னிடம்தான் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்பதுபோல. "நாலு வயசிருக்கும், ஒரு புள்ள வாசல்ல வெளையாடீட்டு இருந்துச்சு. நாம்பாட்டுக்கு நின்னுட்டிருந்தேன். அது என்னப் பாத்து, 'ஏனுங்க, யாருங்க வேணும்?'னு கேக்குது. இந்தக் கடலுக்கு நடுவுல, நம்மூட்டுப் பேச்சுங்க அம்மணி. அப்படியே நம்மூட்டுப் பேச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் மனைவி.

"என்ன சொல்றது? வாரேங் கண்ணுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்."

அந்த அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். அத்தனை பேர் பார்க்க, அவர் கையைப் பிடித்து எழுப்பினார். "கொழந்தைகிட்ட வாரேன்னு சொல்லீருக்கறீங்க. அப்ப, வாங்க போலாம்."

இருவரும் சாலையைக் கடந்து மேட்டில் ஏறினார்கள். அன்று சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சியில் தலைகளை எண்ணினேன். இருபதுதான் வந்தது. நான் மறுபடி எண்ணவில்லை.