குழாயடியில் ஒரு நாடகம்

இன்னைக்கு மலாக்காவுல, காஜா பெராங் பக்கம் ஒரு வீடு. நம்ம திருநங்கைகளோட பழைய படங்களை வாங்கி, யாரு என்னன்னு எழுதி, ஸ்கேன் பண்ணித் திருப்பிக் கொடுக்கிற அதே சம்பளமில்லாத வேலைதான்.

அந்த வீட்டு ஆண்டி ஒரு படம் எடுத்துக் கொடுத்தாங்க. மெர்டேக்கா சமயத்துல, அதான் மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைச்சப்ப எடுத்தது. சேலை கட்டி, பூ வச்ச ஒருத்தர், இடுப்புல குழந்தை. குழந்தை கையில காகிதக் கொடி.

"எங்க சித்தப்பா. நாடகத்துக்குப் போட்ட வேஷம்"னாங்க.

எனக்குச் சலிச்சுப் போச்சு. போற வீட்டுல எல்லாம் இதே பதில். படத்துல மேடையும் இல்ல, திரையும் இல்ல. பின்னாடி குழாய், பக்கத்துல பாதி துவைச்ச துணி.

"குழந்தை யாரு ஆண்டி?"

"நான்தான். அம்மா விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவாங்க. சோறு ஊட்டி, தலை பின்னி, ஸ்கூலுக்கு அனுப்பினதெல்லாம் அத்தைதான்."

"எந்த அத்தை?"

ஆண்டி படத்துல இருந்த சேலை மேல விரலை வச்சாங்க.

"நாடகம்னே எழுதிக்கம்மா. சம்பந்தி வீட்ல பார்த்தா என்ன நினைப்பாங்க?"

கொடுக்கிறவங்க சொல்றதைத்தான் எழுதணும்னு படம் சேர்க்கிற எங்களுக்குள்ள ஒரு பேச்சு. எழுதினேன்.

வாசல்ல செருப்பு மாட்டும்போது பின்னாடியே வந்தாங்க. "அத்தையைக் கசக்கிடாம கொண்டு போம்மா."

எங்ககிட்ட நகல் போட்டு வைக்கிற பெட்டிகள்ல 'நாடகம்'னு எழுதினதுதான் நிரம்பி மூட முடியாம கிடக்கு. மெர்டேக்கா சமயத்துல மலாக்காவுல அவ்வளவு நாடகம் நடந்திருக்கு, டிக்கெட் வாங்கிப் பார்த்தவங்க மட்டும் ஒருத்தரும் கிடைக்கல.

உங்க வீட்ல அப்படிப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?