இந்தா என்று தொடங்கும் பாட்டு

தோளில் வயலின் பெட்டியோடு, கோவில்பட்டி பஸ்ஸைப் பிடிக்க, காட்டுப் பாதை வழியாக மெயின் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பின்னால் கோவில் மேடையில் சினிமாப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. வயலின் இல்லாமலே அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. மாசி மாதம் பொழுது இறங்கும்போது கரிசல் மண் கொஞ்ச நேரம் நீலமாகத் தெரியும். அந்த நேரம்.

ஓடையைத் தாண்டும்போது பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பினேன். கிழட்டுச் செம்மறிகள் நாலைந்து என்னைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. நான் நின்றதும் அவையும் நின்றன. ஒன்றின் வாயில் கொத்துமல்லிச் செடி தொங்கியது. போ என்றேன். குனிந்து மண்கட்டியை எடுத்து ஓங்கினேன். எறியமாட்டேன் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. நடந்தால் நடந்தன. ரோட்டில் லாரிகள் போகும் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது நான் வேலிக்கருவை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். இவற்றை ரோட்டில் விட்டுவிட்டு பஸ் ஏற முடியாது. ஆடுகள் என் அக்காள் வீட்டுக்காரருடையவை. அதற்கு முன்னால் என் அப்பாவுடையவை.

அப்பா ஆடுகளைக் கூப்பிடும் சத்தம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். "இந்தா" என்பதுதான் சொல். ஒரு பொருளை நீட்டி, வாங்கிக்கொள் என்று சொல்வோமே, அதே இந்தா. ஆடுகளையும் அப்படித்தான் கூப்பிடுவார், என்னையும் அக்காளையும் அப்படித்தான் கூப்பிடுவார், அம்மாவையும் அப்படித்தான். யார் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது குரலின் நீளத்தில் இருக்கும். ஆடுகளுக்கானதுதான் ரொம்ப நீளம். மேலே ஓரிடத்தில் நின்று, சறுக்கிக்கொண்டு வந்து, நடுவில் எங்கோ கொஞ்சம் தொங்கி நிற்கும். ஆடுகள் வந்து சேர்ந்தபிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு "ம்ஹோ" போடுவார். அதோடு முடிந்தது. விடுமுறைக்கு மட்டும் ஆட்டுக் கிடைக்கு வந்துகொண்டிருந்த எனக்கு அந்த ம்ஹோ, தாளம் வந்து விழுகிற இடம் மாதிரி கேட்கும். வேறு எதற்கென்று நான் யோசித்ததில்லை.

இசைப்பள்ளியில் வயலின் சேர்ந்து, இரண்டாம் வருடம் பாதியில் விட்டேன். விடுதியில் சாப்பாடு நின்றுபோனது ஒரு காரணம். ஒரே இடத்தில் இருக்க முடியாத என் கால் இன்னொரு காரணம். கேரளாவில் ஓட்டல், திருப்பூரில் சாயப்பட்டறை, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு கிண்டுகிற வேலை. எங்கே போனாலும் பெட்டி கூட வந்தது. ஓட்டலில் ஒருநாள் பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டே என்னை அறியாமல் அந்த இந்தாவை இழுத்துவிட்டேன். யாருக்கோ அடிபட்டுவிட்டதாக நினைத்து மாஸ்டர் கரண்டியோடு ஓடிவந்தார்.

அன்றைக்குத்தான் அது எந்த ராகம் என்று தேட ஆரம்பித்தேன். பஞ்சமத்தில் நின்று காந்தாரத்துக்குச் சறுக்குகிறது. ஆனந்தபைரவியின் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்கிறது. அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் திருப்பூரில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதன்பிறகு வேறு எதையும் நான் வாசித்துப் பழகவில்லை. ஆனந்தபைரவியில், ஆதிதாளத்தில், இந்தா என்று தொடங்கி ம்ஹோவில் முடிகிற ஒரு பாட்டைக் கட்டினேன். சாயப்பட்டறையில் தொட்டி கலக்கும்போது பல்லவி வந்தது. மிட்டாய்ப் பாகு கிண்டும்போது சரணம். முன்பு சொல்லிக்கொடுத்த வாத்தியாரைத் தேடிப் போய் பாடிக் காட்டினேன். இந்தா என்பதெல்லாம் ஒரு சாகித்யமா என்று கேட்டுவிட்டு, காபி வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

அந்தப் பாட்டை மனிதர்கள் முன்னால், மைக் வைத்து, முதலிலிருந்து கடைசி வரை ஒருதரம் பாடிவிட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது முடிந்தால் எங்காவது ஒழுங்காக வேலை பார்க்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

சிவராத்திரிக்கு எங்கள் ஆட்கள் எந்த ஊரில் இருந்தாலும் குலசாமி கோவிலுக்கு வந்துவிடுவார்கள். கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு வேப்பமரமும் பீடமும்தான் கோவில். இந்த வருடம் அங்கே கச்சேரிக்குப் பேசியிருந்தது நான் வாசிக்கிற குழுவை. குழு ஒரு அண்ணாச்சியுடையது. கீபோர்டு அவர், ஸ்பீக்கர் அவருடையது, வேனும் அவருடையது. நான் பல மாதங்களாகக் கேட்டு, சாமி பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் இடையில் என் பாட்டுக்கு ஓர் இடம் வாங்கியிருந்தேன்.

பொழுது இறங்கும் நேரம் ஆரம்பித்தேன். குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்தின் உச்சியில் கட்டியிருந்தார்கள். கரிசலில் சத்தத்தை மறிக்க ஒன்றும் கிடையாது. வயலினில் கொஞ்ச நேரம் ராகம் வாசித்துவிட்டு, இந்தா என்று எடுத்தேன். கூட்டத்தில் வயசாளிகள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லையே வைத்து நிரவல் பாட ஆரம்பித்தேன். ஒரே வரியை மேலும் கீழும் விரித்து விரித்துப் பாடுவதுதான் நிரவல். இந்தா, இந்தா, இந்தா என்று ஒவ்வொரு சுரத்தில் நின்றும் கூப்பிட்டேன்.

அடுத்த காட்டில் அத்தான் அப்போதுதான் கிடை போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி ஆடுகளை ஒரு நிலத்தில் அடைத்துவைத்தால் நிலத்துக்கு உரம். ஆடுகளைச் சுற்றிக் கட்டும் வலையை இன்னும் கட்டி முடிக்கவில்லை. அத்தான் வேறு ஊர்க்காரர், அவர் விசிலடித்துத்தான் ஆடு பத்துவார், ஓட்டுவதும் கூப்பிடுவதும் விசில்தான். அப்பா போனபிறகு அந்த ஆடுகள் இந்தாவைக் கேட்கவே இல்லை. இப்போது அது மரத்தின் உச்சியிலிருந்து வந்தது. என் தொண்டை அப்பாவின் தொண்டை. கிழட்டு ஆடுகள் முதலில் கிளம்பியிருக்கின்றன. குட்டிகளுக்கு ஒன்றும் தெரியாது, தாய் போனால் அவையும் போகும். கிடைக்கும் கோவிலுக்கும் நடுவில் அறுப்புக்கு நின்ற மல்லிக் காடு.

எனக்கு முதலில் வாசனைதான் வந்தது. மிதிபட்ட மல்லியின் வாசனை. கண்ணைத் திறந்தபோது மேடையைச் சுற்றி முழு மந்தையும் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர், "இவன் கச்சேரிக்கும் கூட்டம் சேந்துட்டுல்லா" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அண்ணாச்சி எழுந்து வந்து மைக்கை அணைத்தார்.

"ஆட்டுக்குக் கச்சேரி பண்ணுததுக்கா நான் வேன்ல சாமான் ஏத்திக்கிட்டு வந்தேன்? பெட்டியை எடுத்துக்கிட்டு கெளம்பு தம்பி."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் உடனே கிளம்பினேன். அத்தான் விசிலடித்து மந்தையைத் திருப்பிக்கொண்டிருந்தார். சரணமும் ம்ஹோவும் வயிற்றிலேயே இருந்தன.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே ரோட்டில் பஸ் போனது. ஆடுகள் என்னைச் சுற்றிப் படுத்து அசை போட்டன. வேறு வழியில்லாமல் எழுந்து, வந்த பாதையிலேயே திரும்பி நடந்தேன். எனக்கு முன்னால் போகாமல், பின்தங்காமல் அவை வந்தன. பள்ளிக்கூட விடுமுறைகளில் அப்பாவுக்குப் பின்னால் நானும் அப்படித்தான் நடந்திருப்பேன்.

மல்லிக் காட்டின் வரப்பில் பிஞ்சைக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். நிலம் அவருடையது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தான் தலைகுனிந்து நின்றார். அக்காள் குட்டி ஒன்றை இடுக்கியிருந்தாள். ஸ்பீக்கரில் அந்தக் குரலைக் கேட்டதும் அவள் வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். அப்பா என்று நினைத்திருப்பாள், காலில் செருப்புகூட இல்லை.

பிஞ்சைக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கூப்பிட்டது இவன்தானா என்று அக்காளிடம் கேட்டார். அக்காள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, நீ வா வான்னே பாடிக்கிட்டு இருக்கே. வந்ததும் நில்லுன்னு சொல்லணும்லா? அப்பா ம்ஹோன்னு போடுவாவளே, அது எதுக்குன்னு நெனச்சே? அதைப் போடுத வரைக்கும் ஆடு கூப்பிட்டவன் பின்னாலயே வந்துக்கிட்டு இருக்கும்லே."

நான் கடைசியில் வைத்திருக்கிறேன் என்றேன். எத்தனை நேரம் கழித்து என்று கேட்டாள். சரணம் முடிந்து என்றேன். பிஞ்சைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறாரோ என்று சந்தேகமாக இருந்தது, சரியாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளாமையில் ஆடு விழுந்து அழித்துவிட்டால், அறுப்பு முடிந்ததும் அதே நிலத்தில் அந்த மந்தை கிடை கிடக்க வேண்டும். மற்ற கிடைகளுக்குப் போல நிலத்துக்காரர் கிடைக்காரனுக்குச் சோறு போட வேண்டியதில்லை. அதைத்தான் பிஞ்சைக்காரம்மா கேட்டார். அத்தான் சம்மதித்தார். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். வேறொரு காட்டுக்கும் கிடை பேசியிருப்பதால் மந்தையைப் பிரிக்க வேண்டும், இந்தப் பாதிக்குக் காவல் இருக்க ஆள் இல்லை.

"ஆளு இங்கன நிக்கான்லா" என்றார் பிஞ்சைக்காரம்மா.

அக்காள் வீட்டில் கம்மஞ்சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டேன். அத்தான், கோவில்பட்டியில் ஏதாவது வேலை இருக்கிறதா மாப்ளே என்று கேட்டார். இல்லை என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பாவின் கம்பளியில் படுத்தேன். அந்த வாடை போகவே இல்லை.

விடிவதற்குள் மிதிபட்ட பாதி மல்லியை அறுத்துக் கட்டியிருந்தார்கள். காலியான பக்கத்தில் நானும் அத்தானும் வலையைக் கட்டினோம். வயலின் பெட்டியைப் பனி படாமல் வேலிக்கருவையின் கிளைக் கவட்டில் மாட்டினேன். பிஞ்சைக்காரம்மா வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வந்து வரப்பில் நின்றார். அத்தான் அவருடைய பாதியைப் பத்திக்கொண்டு போய்விட்டார். மீதி ஆடுகள் தள்ளி, தரிசில் சிதறி மேய்ந்துகொண்டிருந்தன.

இந்தா என்று இழுத்தேன். மைக் இல்லாமல் அது சின்னதாகத்தான் இருந்தது. தலைகள் நிமிர்ந்தன. கிழடுகள் முன்னால், குட்டிகள் பின்னால், மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தன. நிரவல் எதுவும் பாடவில்லை. முதல் ஆடு என் முழங்காலில் முட்டியதும் ம்ஹோ என்றேன். மந்தை நின்றது.

பிஞ்சைக்காரம்மா குச்சியைத் துப்பினார்.

"கடைசில போட்டியே, அதை நேத்து மொதல்லயே போட்டிருந்தா எம் மல்லி தப்பிச்சிருக்கும்."

பங்குனி முடிய இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் விட்டுப்போன கம்பை எடுத்துக்கொண்டு, ஆடுகளை ஊருணிப் பக்கம் தண்ணீருக்குத் திருப்பினேன்.