முதல் ஜனாதிபதிக்குப் பக்கத்தில் இருந்தவர்

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் எனக்குத் தாதி வேலை. ஒரு மூதாட்டிக்கு சூப் பருக்கிக்கொண்டிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. ஞானசேகரம் அண்ணையின் மகள் மாதுரி. நாட்டின் தெற்கே, கார்ஹிங் என்ற ஊரில் ஆராய்ச்சி செய்கிறவள். "அன்ரி, அப்பா போயிட்டார். காலமை கதிரையில இருந்தபடியே. பக்கத்து வீட்டு மனுசிதான் கண்டது" என்றாள். அவளுக்குப் பின்னால் நிலத்தடி ரயில் ஒன்று வந்து நின்று போகும் சத்தம் மட்டும் கேட்டது. நான் திரும்பிப் போய் சூப்பைப் பருக்கி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று அப்போது தெரியவில்லை.

அண்ணையும் நானும் உறவினர் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் அகதிகளாக வந்து, ஒரே விடுதியில் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். உணவகத்தில் கோப்பை கழுவியபடியே அவர் ஜெர்மன் மொழி படித்தார். பிறகு லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சட்டம் படித்தார். "உனக்கு விசரோ, இந்த வயதில் பள்ளிக்கூடமோ" என்று விடுதியே அவரைக் கேலி செய்தது. சிரித்துக்கொண்டே போய், அரசியலமைப்புச் சட்டத்தில் பெரிய பட்டத்தோடு திரும்பி வந்தார். புதிதாக உருவாகும் நாடுகளுக்கு ஆலோசகர்களை அனுப்பும் நிறுவனம் ஒன்று அவரை வேலைக்கு எடுத்தது. அப்படித்தான், அப்போதுதான் சுதந்திரம் பெற்றிருந்த ஒரு நாட்டுக்குப் போய், அதன் முதல் ஜனாதிபதியின் அலுவலகத்தில் அமர்ந்தார்.

நாட்டின் பெயரை அவர் வெளியில் சொல்வதில்லை. வேலை ஒப்பந்தம் அப்படி. எங்கள் வீட்டில் அது எப்போதும் 'அந்த நாடு'தான். கடல் இல்லாத மலைநாடு. மாவும் மருந்தும் வரவேண்டிய ஒரே பாதை, நேற்றுவரை அவர்களை ஆண்டு அடக்கிய நாட்டின் வழியாக வந்தது. அந்தப் பாதையைப் பழைய ஆட்சியாளர்கள் மூடிவிட்டார்கள்.

அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை தொலைபேசியில் பேசுவார். "தங்கச்சி, கொடி ஏத்துறது ஒரு நாள் வேலை. அடுத்த நாள் குழாயில தண்ணி வராட்டி சனம் ஆரைத் திட்டும்?" என்பார். தண்ணீர் நிலையத்தை இயக்கத் தெரிந்தவர்கள் பழைய ஆட்சிக்கு வேலை செய்த அதிகாரிகள். அவர்களை வைத்திருந்தால் துரோகி என்பார்கள், அனுப்பினால் தண்ணீர் வராது. காட்டிலிருந்து வந்த போராளிகள் எல்லோரும் தங்களை இராணுவத்தில் சேர்க்கச் சொன்னார்கள். மலையில் ஒரு மொழி, சமவெளியில் ஒரு மொழி. எதில் பாடப்புத்தகம் அடிப்பது? வெளியே ஒரு வல்லரசு விமானத்தளம் தந்தால் புதிய பாதை போட்டுத் தருவதாகச் சொன்னது. தந்தால் உங்களை நாடாகவே ஏற்கமாட்டோம் என்றது இன்னொன்று. எல்லாம் ஒரு மனிதரின் மேசைக்கு வந்தன. "பாவம் தங்கச்சி. முதல் ஆளுக்கு முந்தின ஆள் இல்லை. யோசனை கேக்கவும் ஆள் இல்லை, பழியைப் போடவும் ஆள் இல்லை" என்று அண்ணை சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

குளிர்காலம் வந்தது. மருந்தில்லாமல் பிள்ளைகள் சாகத் தொடங்கினார்கள். ஜனாதிபதி எல்லைக்குப் போய், தன் ஊரைக் குண்டுபோட்டு அழித்த தளபதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாதை திறந்தது. தலைநகரத்தில் விதவைகள் அவருடைய வாகனத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்களாம்.

அண்ணை திரும்பி வந்ததும் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அவரைப் பேச அழைத்தார்கள். உலகத்தில் எந்த இனத்துக்கு நாடு கிடைத்தாலும் எங்கள் மண்டபத்தில் சர்க்கரைப் பொங்கல் பொங்குவோம். பக்கத்து வீட்டில் கலியாணம் நடந்தால் நம் வீட்டுக்கும் நாள் வரும் என்பதுபோல ஒரு நம்பிக்கை. அன்றும் பொங்கல் இருந்தது. 'விடுதலை பெற்ற கதை' என்று துண்டுப்பிரசுரமும் அடித்திருந்தார்கள். என்ன பேசப்போகிறார் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. விளக்கேற்றி, மாண்டவர்களுக்காக அகவணக்கம் செலுத்தி முடிந்ததும் அண்ணை எழுந்து, விடுதலைக்கு மறுநாள் காலையிலிருந்து தொடங்கினார். தண்ணீர், போராளிகள், பாடப்புத்தகம். மண்டபம் பொறுமையாகத்தான் இருந்தது. எல்லைக்கு வந்தார். "அந்தக் கையைக் குடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தது நான்தான்" என்றார்.

முன்வரிசையில் இருந்த குலம் அண்ணை எழும்பினார். எங்கள் ஊரில் நடந்த கடைசிப் போரில் மகனைத் தொலைத்தவர். "உங்களைக் கூப்பிட்டது இதைக் கேக்கவோ?" என்றார். கத்தவில்லை. மேல்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னால் பாதி மண்டபம் போனது. மிச்சப் பேர் பொங்கல் ஆறுகிறது என்றார்கள். அத்தோடு கூட்டம் முடிந்தது.

ஞானசேகரம் அண்ணையின் தம்பியும் அதே போரில் காணாமல் போனவர்தான். வரும் வழியில் காரில் கேட்டேன், "ஏன் அண்ணை அதைச் சொல்லேல்லை? சொல்லியிருந்தா இருந்து கேட்டிருப்பினம்."

"அவனைக் காட்டி ஆக்களை இருத்தக்கூடாது, தங்கச்சி" என்றார்.

அவரை யாரும் ஒதுக்கிவைத்ததாகச் சொல்ல முடியாது. கலியாண அழைப்புகள் வந்தன. "சுகமோ அண்ணை?" என்று கேட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். அரசியல் பேச்சு நடக்கும் இடத்துக்கு அவர் வந்தால் பேச்சு காலநிலைக்கு மாறிவிடும். மனைவியும் காலமாகி, மகளும் தெற்கே போனபின், கதைக்க என்று நான் ஒருத்திதான். எனக்கோ பாதி விளங்காது. ஒருநாள் நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் சின்னப் பிள்ளைபோலக் கூவினார். "ஜனாதிபதி மனுசன் தேர்தலில தோத்துப்போட்டார் தங்கச்சி! தோத்துப்போட்டு, சுடாமல் ஓடாமல் வீட்டை போறார்!" தோற்றதற்கு ஏன் இந்த ஆரவாரம் என்று கேட்டேன். "முதல் ஆள் ஒழுங்கா வீட்டை போனாத்தான் ரெண்டாவது ஆள் வரலாம்" என்றார். வாழ்நாளில் அவர் கண்ட பெரிய வெற்றி அது. கொண்டாட ஒரு மனிதர் இல்லாமல் அதைத் தனியாகக் கொண்டாடினார்.

இறுதிச் சடங்கில் என்னைப் பேசச் சொன்னார்கள். "அந்த நாட்டுக் கதையை மட்டும் விடுங்கோ அக்கா, மற்றதெல்லாம் சொல்லுங்கோ" என்று சங்கத்துத் தம்பி ஒருவர் காதோடு சொன்னார். மற்றது என்ன இருக்கிறது? அதை விட்டால் அண்ணையே இல்லை. எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கைகுலுக்கலையும் சொன்னேன், காணாமல் போன அவருடைய தம்பியையும் சொன்னேன். அண்ணை இருந்திருந்தால் கோபித்திருப்பார். ஒருவரும் எழுந்து போகவில்லை. செத்த வீட்டு மரியாதை என்றுதான் நினைத்தேன்.

முடிந்து வாசலுக்கு வர, குலம் அண்ணை கைத்தடியோடு நின்றார். "நான் இப்பவும் ஒத்துக்கொள்ளமாட்டன்" என்றார். பிறகு, "அந்த ஜனாதிபதிக்குப் பிறகு என்ன நடந்தது, பிள்ளை?" என்று கேட்டார். தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனார் என்றேன். கைத்தடியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அந்தப் போராளிப் பெடியள்? அவையளை என்ன செய்தவை? முதுகைக் காட்டின பொம்பிளையள் பிறகாவது திரும்பினவையோ?" இன்னும் சிலர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லா முகமும் என்னைப் பார்த்தது. எனக்கு எதுவும் தெரியாது. பதில் தெரிந்தவர் உள்ளே பெட்டிக்குள் கிடந்தார்.

போயிட்டு வாங்கோ அண்ணை. உங்களிடம் கேட்க ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.