என் கருவிக்கு அப்பா போணி

என் அப்பா பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் விற்பனையாளர். காலையில் முதலில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பவே மாட்டார். போணி கெட்டால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் கட்சி. அசலுக்குக் கொடுத்தாவது ஒரு ரவிக்கைத் துணியைத் தலையில் கட்டிவிடுவார். வாங்கிய பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் அவருக்குக் காபியே இறங்கும்.

நான் படித்தது மருத்துவக் கருவிப் பொறியியல். மூளையிலிருந்து வயிறு, கணையம் வரை இறங்கும் நரம்பு ஒன்று உண்டு. அதன் சின்னக் கிளை காது மடலுக்கும் வருகிறது. அங்கே மெல்லிய மின்துடிப்பு கொடுத்து, சாப்பிட்ட பின் எகிறும் சர்க்கரையை அடக்க முடியுமா? என் இளமையை மொத்தமாக விழுங்கிய கேள்வி இதுதான். கருவி என்று நான் பீற்றிக்கொண்டாலும், பார்ப்பதற்குத் துணி காயப்போடும் கிளிப் மாதிரிதான் இருக்கும். இந்த முறையும் பலன் தெரியாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று சென்னை ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அனுமதியெல்லாம் கிடைத்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் அப்பா. அவருக்குச் சர்க்கரை உண்டு, வாய்க்கட்டுப்பாடு கிடையாது. கோயில் இட்லி என்றால் உயிரை விடுவார். சர்க்கரையை அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டி, காதில் கிளிப்பை மாட்டினேன். எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

தினமும் மாலையில் அவருடைய அளவுகள் என் கணினிக்கு வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மலையாக ஏற வேண்டிய கோடு, மேடாகக்கூட எழவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வகம் முழுக்க மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரையை அடக்கியதற்கு மைசூர்பாகு! அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அம்மா போன் செய்தாள். கல்யாண வீட்டாருக்குப் புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். "சாப்பாட்டு டப்பாவ அப்படியே திருப்பிக் கொண்டாந்துக்கினு இருந்தாருமா. மாத்திரைய மட்டும் கரெக்டா போட்டுக்கினாரு. கேட்டா, பொண்ணுகிட்ட சொல்லிடாதன்றாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்பா இப்படிப் பண்ண? உனக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்று கத்தினேன்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் மெஷினுக்கு நான்தானமா போணி? மொத போணியே கெட்டுப்போனா, அப்புறம் யாரு வருவாங்க?"

அதற்கு மேல் எனக்குக் கோபப்பட வரவில்லை. அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. நான் பார்த்ததிலேயே அழகான கோடு அது. கருவியின் வேலை என்று நம்பினேன், அப்பாவின் பட்டினி அது. அந்த நாட்களின் அளவுகள் அத்தனையையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, ஆய்வகத்திலும் நடந்ததைச் சொன்னேன். மைசூர்பாகு தின்ற வாய்களெல்லாம் மூடிக்கொண்டன.

டாக்டர் சரி என்ற பிறகு மறுபடி ஆரம்பித்தோம். சில நாள் மின்துடிப்போடு, சில நாள் துடிப்பில்லாமல். எது எந்த நாள் என்று அவருக்குத் தெரியாது. நான் லீவு போட்டு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். ஒவ்வொரு கவளத்துக்கும் குற்றவாளி மாதிரி என்னைப் பார்த்தார்.

கடைசி நாள் எல்லாக் கோடுகளையும் போனில் சேர்த்து வைத்துப் பார்த்தோம். எல்லாமே மலைதான். துடிப்பு இருந்த நாட்களில் மட்டும் உச்சி கொஞ்சம் தாழ்ந்திருந்தது. மைசூர்பாகு வாங்கும் அளவுக்கு இல்லை. ஆனால் அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்று ஆய்வகம் சொல்லும் அளவுக்கு இருந்தது.

அப்பாவுக்கு மலை மட்டும்தான் கண்ணில் பட்டது. "இவ்ளோ ஏறிக்கினு இருக்குதே. போணி ஆகலையாமா?" என்றார்.

"ஆச்சுப்பா" என்று சொல்லி, போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.