தம்பையாவின் மூக்கு

ஹாலிஎலைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் தம்பையாவின் மூக்குக்கு ஒரு மரியாதை உண்டு. முப்பத்தைந்து வருடம் தேயிலை பெக்டரியில் வேலை. அரைத்த கொழுந்து பதமாகிவிட்டதா என்று டீமேக்கரே அவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வார். வேலையை விட்டு ஐந்து வருடமாகியும் அந்தப் பெருமை மட்டும் மனிதரை விடவில்லை.

அந்த மூக்குதான் வினையாகிவிட்டது. மனைவி வடிவம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அட்டை கடித்த இடம் பாதத்தில் புண்ணாகி, மாசக்கணக்கில் ஆறாமல் நாறியது.

"ஒன் கால் நாத்தம் தாங்க முடியலடி. இஸ்தோப்புல போய்ப் படு" என்றார். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு, வாசலோரம் திறந்து கிடக்கும் இஸ்தோப்புக்குப் போனாள். வரிசை வீடுகளான அந்த லயத்தில் கேட்டவர்களிடம், "அவளுக்குக் காத்து வேணுமாம்" என்று கூசாமல் சொல்லிவைத்தார் தம்பையா.

புண் கறுத்த பிறகுதான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வார்டில் சேர்த்தார்கள். கால் தங்குமா என்பதே சந்தேகம் என்றார் டொக்டர். மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் யசோதினி போன் பண்ணினாள். "அம்மாவுக்கு இன்னைக்கு ஒக்சிசன் வைக்கிறோம்."

தம்பையாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லயத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். ஒக்சிசன் வைத்த யாரும் அங்கே நடந்து திரும்பியதில்லை. சாவுக்கு வருகிறவர்கள் உட்கார மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள் வாசலில் வந்து இறங்கின. தம்பையா, கடைசியாக உடுத்திவிட வடிவம்மாவின் கல்யாணக் கூறைச் சேலையைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த காம்பரா வீட்டு ஜெயலெட்சுமியும் பத்துப் பேருமாக வேன் பிடித்து ஓடினார். வெளியே தள்ளிவிட்டேனே பாவி என்று வழியெல்லாம் மனசுக்குள் அழுதார். வாய்விட்டுச் சொல்லத்தான் துணிவில்லை.

வார்டில் வடிவம்மா சாய்ந்து உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். முகத்தில் குழாய் எதுவும் இல்லை. காலில் முழங்கால் வரை ஒரு பிளாஸ்டிக் பை, குழாய் அதற்குள் போயிருந்தது.

"புண்ணுக்குத்தான் ஒக்சிசன்" என்று சிரித்தாள் யசோதினி. "சில பேருக்கு ஆறுது. கொஞ்ச நாள் வச்சுப் பார்ப்போம்."

ஜெயலெட்சுமி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "காத்து வேணும்னு இஸ்தோப்புல படுத்தீங்களே அக்கா, ஒங்க காலுதான் காத்து கேட்டிருக்கு!"

வடிவம்மா புருசனைப் பார்த்தாள். அப்படியொரு கதை லயத்தில் உலவியது அவளுக்கு அப்போதுதான் தெரியும். தம்பையாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பத்துப் பேர் முன்னால் மானம் போகப்போகிறது என்று நின்றார்.

"ஆமா புள்ள, எனக்குத்தான் காத்து வேணும்னு இருந்துச்சு" என்றாள் அவள். பிறகு பையைப் பார்த்தாள். "மாத்துச் சேலையா கொண்டாந்தீங்க? அங்க வச்சிட்டுத் தள்ளியே நில்லுங்க. நாத்தம் இன்னும் போகல."

குத்திக்காட்டவில்லை, அவருக்காகத்தான் சொன்னாள். ஊரறிய மூக்கறுபட்டிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. நாந்தான் அவள வெளிய போகச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். ஜெயலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா" என்றார் தம்பையா. "மாத்துச் சேலைதான்."