மொசைக் தரையில் அப்பா

சுவரில் அழுக்குப் படிகிறதாம்! அண்ணனுக்கு அதுதான் பெரிய கவலை. பனியன் கம்பெனி நன்றாக ஓடத் தொடங்கியதும் அவர் திருப்பூரில் வீடு கட்டி, மூலனூர்த் தோட்டத்தில் தனியாக இருந்த அப்பாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளக்கும் மொசைக் தரை. தொண்ணூறுகளில் அதுதான் கௌரவம். ஒருநாள் குளியலறை வாசலில் அப்பா வழுக்கி விழுந்தார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார். அதோடு எல்லோருக்கும் விஷயம் முடிந்துவிட்டது. அப்பாவுக்கு முடியவில்லை. கட்டிலை விட்டு இறங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நகர்வார். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை வெள்ளைச் சுவரில் அவருடைய கைத்தடம் பழுப்பாக ஓடியது. "சும்மா நடிக்கறாருங்க" என்று அண்ணி என் காதுபடவே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் இதற்கு ஒரு பரீட்சை வைத்தார் பாருங்கள்! காங்கேயம் பக்கம் மாடு வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் அதை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதேபோல எங்களையெல்லாம் நிற்கவைத்து, அப்பாவை வாசலில் இறக்கி, "அந்த வேம்பு வரைக்கும் நடங்கப்பா" என்றார். மண்வாசல். அப்பா விறுவிறுவென்று போய்த் திரும்பினார்.

"பாத்தீங்களா? காலுக்கு ஒண்ணுமே இல்லீங்க!" அண்ணன் சிரித்தார். மறுநாளே சுவருக்குப் புது வெள்ளை அடித்தாயிற்று. இனி அதில் கை வைக்கக் கூடாது என்று அப்பாவுக்கு உத்தரவு.

அடுத்த வாரம் நான் போனபோது அப்பாவின் உதடெல்லாம் வெடித்திருந்தது. தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

"ஏனுங்கப்பா, தண்ணி குடிக்கலீங்களா?"

"குடிச்சா எந்திரிச்சுப் போகோணுமே கண்ணு. உழுந்துருவேனோன்னு பயமா இருக்குது. சொவுத்தயும் தொடக்கூடாதாமா."

அட, படுபாவிகளா! நேராக அண்ணனிடம் போனேன்.

"மாட்ட மண்ணுலதானுங்கண்ணா நடத்திப் பாப்பாங்க? இந்தத் தரையில உட்டுப் பாருங்க, உங்க காங்கேயம் காளையே காலப் பரப்பிட்டு உழும். அப்பாகிட்ட, பயமா இருக்குதாங்கன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அண்ணன் என் பின்னாலேயே வந்து அறை வாசலில் நின்றார். நான் அப்பாவை எழுப்பி நிறுத்தி, அவர் கையை எடுத்து அந்தப் புது வெள்ளைமேல் வைத்தேன்.

"புடிச்சுக்கங்கப்பா. யாரு என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்."

அப்பா அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டார்.