ஹாரன் இடப்பக்கம் வந்த நாள்

எங்கள் அப்பாவின் கோபத்தால் ஒரு முழு பில்டிங்கே எங்கள் கையை விட்டுப் போக இருந்தது. மாட்டுங்காவில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த நாலு மாடி பில்டிங். தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்றுவந்த அப்பாவுக்குப் பாதி வியாபாரம் அந்த ஒரு கேட்டிலேயே முடிந்துவிடும். பின் கேரியரில் இட்லி டப்பா, ஹேண்டில்பாரில் சாம்பாருக்கும் சட்னிக்குமாக இரண்டு தூக்கு, வலப்பக்கம் ரப்பர் ஹாரன். பள்ளிக்கூட லீவில் முன் பாரில் நான், இடப்பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு. ஹாரனைத் தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்று தினமும் ஏற்றும்போதே சொல்லிவிடுவார்.

சண்டை சட்னியில் ஆரம்பித்தது. மே மாதம். விடிகாலையில் கரண்ட் இருக்காது என்று யாரோ சொன்னதால் அம்மா முந்தின இரவே அரைத்து வைத்துவிட்டாள். கரண்ட் என்னவோ போகவே இல்லை. காலையில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“லேசாப் புளிக்கி. வேற அரைச்சுத் தாரேன், செத்த இருங்க.”

“யாருக்குட்டி தெரியப் போவுது? லேட்டாவுது” என்று அப்பா கிளம்பிவிட்டார்.

இரண்டாவது மாடி மாமிக்குத் தெரிந்துவிட்டது. “என்னப்பா, நேத்திக்கு அரைச்ச சட்னியா?” என்று பால்கனியிலிருந்து கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று, “கல் கா ஹை க்யா?” என்று இந்தியிலும் ஒருமுறை கேட்டாள். சைக்கிளைச் சுற்றி நின்றிருந்த குஜராத்திகளும் மராட்டிகளும் தங்கள் கிண்ணங்களை மோந்து பார்த்தார்கள்.

அவள் சொன்னது உண்மை. பொய்யாக இருந்திருந்தால் அப்பா சிரித்துச் சமாளித்திருப்பார். உண்மையாக இருந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. சட்னித் தூக்கை எடுத்து கேட்டுக்கு எதிரே சாக்கடையில் கவிழ்த்தார். “இனிமே இந்த கேட்டுல நின்னு வித்தேன்னா என்னைச் செருப்பால அடிங்க!” என்றார். மாமியும் விடவில்லை. “விக்காட்டா போயேன், யாருக்கு நஷ்டம்?” என்றாள்.

நஷ்டம் எங்களுக்குத்தான். காலையில் இட்லி, மத்தியானம் இட்லி உப்புமா, ராத்திரி தாளித்த இட்லி என்று மீந்ததையெல்லாம் நாங்களே தின்று தீர்த்தோம். இப்போது எங்கள் ஆபீஸில் வேலையிடத்தில் கோபத்தைக் கையாள்வது எப்படி என்று வகுப்பு எடுக்க ஓர் ஆள் வருகிறார். பத்து வரை எண்ணச் சொல்கிறார். எங்கள் அப்பாவாக இருந்தால் தூக்கைக் கவிழ்த்த பிறகுதான் ஒன்று என்று ஆரம்பித்திருப்பார்.

ஆனாலும் அந்தத் தெருவை அவர் விடவில்லை. முந்தின பில்டிங் வரை ஹாரன் அடிப்பார். அடுத்த பில்டிங்கிலிருந்து மறுபடி அடிப்பார். நடுவில் அந்த கேட்டருகே மட்டும் சத்தமில்லாமல், ஆனால் ரொம்ப மெதுவாக, சைக்கிள் போகும். மேலே பார்க்க மாட்டார். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் மாமியும் கீழே பார்க்க மாட்டாள். நான் மட்டும் இரண்டு பேரையும் பார்ப்பேன்.

ஒரு சாயங்காலம் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பொதுவில் சொல்வது போலச் சொன்னாள்.

“பக்கத்துச் சந்து இட்லிக்காரவிய மாட்டுங்கா பக்கம் போகப் போறாவளாம். நம்ம கேட்டு காலியாத்தான் இருக்கான்னு அவிய பொண்டாட்டி கேட்டா. நாளக்கழிச்சு நிக்கப் போறாவளாம்.”

“நீ என்னட்டி சொன்ன?”

“நான் என்னத்தச் சொல்ல? செருப்படிக்குப் பயந்து போவலன்னா சொல்ல முடியும்?”

ஒருவர் நின்று விற்கும் கேட்டில் இன்னொருவர் நிற்க மாட்டார், அதுதான் வழக்கம். அந்த இட்லிக்காரர் ஒருநாள் நின்றுவிட்டால் அந்த பில்டிங் போனது போனதுதான். அப்பா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் விடிகாலையில் ஸ்பேனரை எடுத்து ஹாரனை வலப்பக்கத்திலிருந்து கழற்றி இடப்பக்கம் மாட்டினார். ஏன் என்று கேட்டேன். “வலது கை வலிக்குட்டி” என்றார். அம்மா அப்போதுதான் அரைத்த சட்னியை அவரே இரண்டு முறை ருசி பார்த்தார். நான் பாரில் உட்கார்ந்ததும் ரப்பர் உருண்டை என் மூக்குக்கு நேரே இருந்தது. கையை முறித்துவிடுவேன் என்று சொல்ல அன்று மறந்துவிட்டார்.

அந்த கேட்டுக்கு முன்னால் வந்ததும் செயினில் ஏதோ சத்தம் என்று ஸ்டாண்ட் போட்டுக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. நானும் எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பேன்? அழுத்தினேன். நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு முறை அழுத்தினேன்.

“ஏட்டி! உன்ன யாருட்டி அடிக்கச் சொன்னா? இந்த கேட்டுல அடிக்கக் கூடாதுன்னு தெரியாது?”

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். என்னைத் திட்டுகிறவர் என்னைப் பார்த்துத்தானே திட்ட வேண்டும். அவர் இரண்டாவது மாடியைப் பார்த்துத் திட்டினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மேலேயிருந்து கயிற்றில் ஒரு பை இறங்கியது. உள்ளே எவர்சில்வர் டப்பா.

“குழந்தைய ஏம்ப்பா திட்றே? அவ அடிச்சதாலதானே நீ வந்திருக்கேன்னு தெரிஞ்சுது” என்றாள், தினமும் அந்நேரத்துக்குத் துணி உலர்த்துகிற மாமி. “எட்டு இட்லி வை. சட்னி ஜாஸ்தியா.”

“புள்ள அடிச்சிருச்சு, என்ன செய்ய” என்று அப்பா டப்பாவைத் திறந்தார். ஒவ்வொருவராகப் பாத்திரத்தோடு வந்தார்கள். பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எல்லாம் விற்றுத் திரும்பும் வழியில் எனக்கு, குச்சியில் சீவல் ஐஸை அமுக்கிக் கலர் ஊற்றித் தரும் ஐஸ் கோலா வாங்கித் தந்தார். திட்டிவிட்டு எதற்குக் கோலாவும் தருகிறார் என்று விளங்கவில்லை. கேட்டால் பிடுங்கிக்கொள்வாரோ என்று பேசாமல் உறிஞ்சினேன்.

அடுத்த நாள் காலையில் ஹாரன் பழையபடி வலப்பக்கம் இருந்தது.

“கைவலி சரியாப் போச்சாப்பா?”

“எந்தக் கைவலி?” என்றார் அப்பா. பாரில் ஏற்றும்போது, ஹாரனைத் தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்றும் சொன்னார்.

இறங்கி ஓடிப்போய், அப்பாவுக்கு எல்லாமே மறந்துபோகிறது என்று அம்மாவிடம் கவலையோடு சொன்னேன். “ஆமாட்டி, நல்லவேளை” என்றாள் அம்மா. மறதியில் என்ன நல்லவேளை இருக்கிறது என்று மாட்டுங்கா வரை யோசித்துக்கொண்டே போனேன்.